அதே சட்டை

"உங்க மெஷின்தான் ரிப்பேர், சிஸ்டர்!"

எடை மெஷினிலிருந்து இறங்கி, மறுபடி ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவையும் ஏறிப் பார்த்த பிறகுதான் கண்டக்டர் இந்தத் தீர்ப்பைச் சொன்னாள். அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று பஸ்ஸில் தினமும் தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய் அது.

நர்ஸ் அசரவில்லை. "மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஊசி ஆரம்பிச்சதுலேர்ந்து ஆறு கிலோ ஏறியிருக்கே நீ."

"ஆறு கிலோவா! இந்த யூனிஃபார்மைப் பாருங்க. போன வருஷம் தைச்சது. எங்கேயாவது பிடிக்குதா? ஏறின ஆறு கிலோ எங்கே போய் உக்காந்திருக்கு, சொல்லுங்க!"

நர்ஸ் சுற்றி வந்து பார்த்தாள். சட்டை நேற்றுத்தான் அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக இருந்தது. அவளுக்கே கொஞ்சம் குழப்பமாகிவிட்டது.

"வீட்டுல போட்டுக்கற துணி?"

"நைட்டிதான். அதுக்குள்ள யானை பூந்தாலும் தெரியாது."

"சிரிக்காதே. இந்த ஊசி போட்டா எல்லாருக்கும் எடை ஏறாது, சிலருக்கு ஏறும். அவங்களுக்கு வேற வழியெல்லாம் இருக்கு. டாக்டரைப் பாத்துட்டுப் போயேன்."

"ஐயோ, வேணாம் சிஸ்டர். மாத்திரைன்னா எங்கே ஒளிச்சு வைக்கிறது? தரையில ஒரு குண்டூசி விழுந்தாக்கூட எங்க மாமியார் கண்ணுக்குத் தப்பாது. இதுதான் வந்தோமா, போட்டோமா, போனோமான்னு இருக்கு."

விஷயம் இதுதான். கண்டக்டர் இப்போது பஸ் ஓட்டும் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். அது முடிவதற்குள் இரண்டாவது குழந்தை என்று ஆகிவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, குழந்தை தங்காமல் இருக்க இந்த ஊசி. புருஷனுக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை அவள் எதிர்வீட்டில் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டு மருமகளும் இதே ஊசிதான் போட்டாள். உடம்பு ஊதியது. அதை வைத்தே மாமியார்க்காரி துருவித் துருவிக் கண்டுபிடித்து, தெருவே கூடி வேடிக்கை பார்க்கும்படி ஆக்கிவிட்டாள். ஊசி நின்றது. அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வேலையும் நின்றது.

"சட்டை டைட்டாகட்டும், அன்னிக்கு நானே டாக்டர்கிட்ட வர்றேன். இப்போ குத்துங்க."

நர்ஸ் குத்தினாள். கையில் அழுத்திப் பிடித்திருந்த பஞ்சை வழக்கம்போலச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு கண்டக்டர் டியூட்டிக்கு ஓடினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். மருமகளைச் சந்தி சிரிக்க வைத்த அதே எதிர்வீட்டுக்காரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தலையணை உறையை மாமியார் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவுக்கே டெய்லர் மாமியார்தான். மருமகளின் யூனிஃபார்மைத் தைப்பது, துவைப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது.

"வாம்மா கண்டக்டர்! என்ன, முகமெல்லாம் உப்பின மாதிரி இருக்கு?" எதிர்வீட்டுக்காரி மேலும் கீழும் கண்ணாலேயே அளந்தாள். "எங்க வீட்டுலயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது!"

தையல் மெஷின் டக்கென்று நின்றது.

"எங்கே உப்பியிருக்கு?" மாமியார் எழுந்து வந்து, மருமகளின் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். "போன வருஷம் என் கையால தைச்ச சட்டை இது. உடம்பு ஏறியிருந்தா இந்நேரம் பட்டன் தெறிச்சு உன் மடியில விழுந்திருக்கும். டெய்லர் என் கண்ணுக்குத் தெரியாததா உன் கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சு?"

"சும்மா கேட்டேன், அதுக்குப் போய்..." எதிர்வீட்டுக்காரி தலையணை உறையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

கண்டக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பார்த்தீங்களா சிஸ்டர், டெய்லரே சொல்லியாச்சு என்று மனதுக்குள் நர்ஸிடம் ஜெயித்துவிட்டு, நைட்டிக்கு மாறி வந்தாள்.

"அழுக்குச் சட்டையைக் குடு, ஊறப் போடணும்," என்று மாமியார் கை நீட்டினாள். வாங்கியவள், பைக்குள் விரலை விட்டாள். பஞ்சு வந்தது. மருந்து வாசனையோடு, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

பாவி, தூக்கிப் போட மறந்துவிட்டோமே! கண்டக்டர் சுவரோடு சுவராக நின்றாள்.

மாமியார் பஞ்சைக் குப்பையில் போட்டாள். சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, விலாத் தையலை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"இந்தப் பஞ்சு கிடைக்கிறப்பெல்லாம், ஊசிக்கு ஒரு தையலா பிரிச்சு விட்டுட்டே வந்தேன், இனிமே பிரிக்க உள்ள துணி இல்லம்மா," என்றாள். "அடுத்த தடவை போறப்போ உடம்பு போடாத மாதிரி வேற ஏதாவது இருக்கான்னு டாக்டரைக் கேளு, நீ பஸ் ஓட்டுறதுக்குள்ள அந்த எதிர்வீட்டுக்காரி கண்டுபிடிச்சிரப் போறா."