மூன்றடி உயரத்தில்

டிரில் சத்தத்தில் போன் அடித்தது அவன் காதில் விழவில்லை. மனைவிதான் எடுத்து, யாரென்று பார்த்து, ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

அவன் டிரில்லின் விசையிலிருந்து விரலை எடுத்தான். அறை சட்டென்று அமைதியானது.

"என்னடா சத்தம்? சுவத்துல ஓட்டை போடுறியா?"

அப்பா. பதினொரு மணிக்கு உடற்பயிற்சி முடிந்ததும் கூப்பிடுவது அவர் வழக்கம். அது தெரிந்தும் இந்த நேரத்தில் டிரில்லைக் கையில் எடுத்தது அவனுடைய கெட்டிக்காரத்தனம்.

"ஆமாப்பா."

"என் ரூம்லயா?"

"ஆமாப்பா" என்று மறுபடியும் சொன்னான். வேறு என்ன சொல்ல?

போன வாரம் வரை அது அப்பாவின் அறைதான். இப்போது கட்டிலைக் கழற்றிப் பால்கனியில் சாய்த்தாயிற்று. துணிமணிகள் இரண்டு அட்டைப்பெட்டிகளில் அடங்கிவிட்டன. டிவியும் முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர்களும் முந்தாநாளே வந்து உட்கார்ந்துவிட்டன. பின்சுவரில் இரண்டை மாட்டினால் ஹோம் தியேட்டர் வேலை முடிந்தது. படத்தில் மழை பெய்தால் முதுகுக்குப் பின்னாலும் பெய்யுமாம். கடைக்காரர் அப்படிச் சொன்னதில்தான் விழுந்தான்.

இடுப்பெலும்பு முறிந்த அப்பாவைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டபோது மூன்றே மாதம் என்று சொல்லியிருந்தான். நடக்கப் பழகியதும் வீடு. இது ஐந்தாவது மாதம். போன திங்கட்கிழமை அங்கே போய், இனி நிரந்தரமாக அங்கேயே என்கிற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அப்பாவிடம் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாக நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு, வார்டுப் பக்கம் தலைகாட்டாமல் படியிறங்கிவிட்டான்.

பக்குவம் வருவதற்குள் ஸ்பீக்கர் வந்துவிட்டது.

மனைவிக்கு இதில் பங்கில்லை. "முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க, அப்புறம் கட்டில்ல கை வைங்க" என்று அவள் மூன்று முறை சொல்லியிருந்தாள். இப்போது முறத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துத் தூளை ஏந்தியபடி, சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினாள்.

அவன் தொண்டையைச் செருமினான். "அது வந்துப்பா..."

அதற்குள் அப்பா சிரித்துவிட்டார்.

"கைப்பிடிக் கம்பிதானே? அந்த பிசியோ பொண்ணு போன மாசம் சொன்னதை ஞாபகம் வெச்சிருக்கே பாரு! நீ மறந்தே போயிட்டேன்னு நெனச்சேன்டா."

மறந்தேதான் போயிருந்தான். படுக்கையிலிருந்து குளியலறை வரை சுவரில் ஒரு கம்பி பதித்துவிட்டால் பெரியவர் வீட்டிலேயே சமாளித்துக்கொள்வார் என்று அந்தப் பெண் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலையாட்டிவிட்டு வந்ததும் நினைவுக்கு வந்தது.

இல்லைப்பா என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"எவ்வளவு உயரத்துல போடுறே?"

சுவரைப் பார்த்தான். உட்கார்ந்திருப்பவரின் காதுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும் என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துக் குறித்த கோடு.

"நாலடிப்பா."

"நாலடியா? கம்பியில தொங்கவா போறேன்? மூணடிக்கு இறக்குடா. இடுப்புக்கு நேரா இருந்தாத்தான் பிடிமானம்."

"சரிப்பா."

சொன்ன கையோடு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மூன்றடி உயரத்தில் ஒரு குறியும் போட்டான். ஏன் போட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அப்பா சொன்னதும் கை தானாகச் செய்துவிடும். அந்தக் கைதான் திங்கட்கிழமை கையெழுத்தும் போட்டது. அவனுக்குத் தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

"நேத்து வாக்கர் இல்லாம பன்னெண்டு அடி நடந்தேன். இங்க பக்கத்துக் கட்டில் வாத்தியார் இருக்காரே, தினமும் சீண்டுறார். உங்களை யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க, சும்மா எதுக்கு நடக்குறீங்கன்னு. இரு, வெச்சுடாதே. வாத்தியாரே! இங்க கொஞ்சம் வாங்க!"

போனில் சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று செருப்புகள் தரையைத் தேய்த்துக்கொண்டு நெருங்கின.

"நர்ஸம்மா, நீங்களும் வந்து கேளுங்க. என் பையன் எனக்காகக் கம்பி மாட்டுறான்."

படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்தவள் அவள்தான்.

"நல்லதுங்கய்யா" என்றாள் நர்ஸம்மா. "டிரில்லை ஓட்டச் சொல்லுங்க. கேக்கலாம்."

"கேட்டுச்சாடா? இன்னொரு தடவை ஓட்டு. எல்லாரும் கேக்கட்டும்."

மனைவி முறத்தைத் தரையில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போனாள்.

அவன் டிரில்லை எடுத்தான். வலது பக்க ஸ்பீக்கருக்கு இன்னும் ஒரே ஒரு துளைதான் பாக்கி. டிரில்லின் முனை முதலில் மூன்றடிக் குறிக்குத்தான் போனது.

அங்கே போட்டால் பிறகு ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துப் பூச வேண்டும். பூசினாலும் தடம் தெரியும்.

கையை உயர்த்தி, நாலடிக் கோட்டில் வைத்து அழுத்தினான்.