நிரந்தரக் குழி

மெழுகுவர்த்தி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

அவள் கொண்டுவந்தது இன்னும் கையில்தான் இருந்தது.

கல்லறைத் திருநாள். அவளுக்கு முன்னால் யாரோ வந்து, அவள் புருஷன் சூசை மச்சாதுவின் கல்லறைக்கு வெள்ளையடித்து, ரோஜா மாலையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

யார்?

அவளை விட்டால் அவருக்கு நாதி கிடையாது. கூடப்பிறந்தவர்கள் இல்லை. பிள்ளை... அதுவும் இல்லை.

நேரே கோயிலின் பங்கு அலுவலகத்துக்கு நடந்தாள். எப்படியும் போகவேண்டிய வேலைதான். புதைத்துப் பதினான்கு வருடம் முடிந்தால் குழியைத் தோண்டி வேறு ஆளைப் புதைத்துவிடுவார்கள். அதற்குள் எழுதிக்கொடுத்து நிரந்தரம் ஆக்கிவிட வேண்டும்.

நிரந்தரம்.

வீட்டில் அதிகம் புழங்கிய வார்த்தை. துறைமுகத்தில் அவருக்குப் பதினோரு வருடம் தற்காலிக வேலை. "நிரந்தரம் மட்டும் ஆவட்டும்டி, வாரத்துல ரெண்டு நாள் நைட் டூட்டி இருக்காது" என்பார்.

ஆனது. கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாள்.

நைட் டூட்டி மட்டும் நிற்கவில்லை.

ஏன் என்று அவள் கேட்டதுமில்லை.

அலுவலகத்தில் எழுத்தர் புதுசு. பதிவேட்டைப் புரட்டியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சூசை மச்சாது வீட்டம்மாவா? உங்க சோலி முடிஞ்சிட்டேக்கா. போன வாரமே உங்க மவன் வந்து நிரந்தரத்துக்கு எழுதிக் குடுத்துட்டாருல்லா!"

மவன்.

அவள் கையிலிருந்த மெழுகுவர்த்தியை மேசைமேல் வைத்தாள்.

எழுத்தர் நிறுத்தவில்லை. "நிரந்தரக் குழின்னா ரெண்டு பேருக்கு. அடுத்த இடம் அம்மாவுக்குன்னு போட்டிருக்காரு. இன்னைக்குக் கூட்டிட்டு வந்து கையெழுத்து வாங்கித் தாரேன்னாரு. நீங்களே வந்துட்டிய. குடுத்து வச்சவுகக்கா!"

பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார்.

மனுதாரர்: மகன்.

இரண்டாம் இடம்: தாய்.

பெயர், கையெழுத்து: காலி.

வாசலில் பைக் வந்து நின்றது.

திரும்பினாள். ஓட்டிவந்தவனுக்கு அதே நெற்றி. அதே மடங்கிய காது. பின்னாலிருந்து இறங்கிய பெண், தலையில் போட்ட முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கையில் மீந்துபோன ரோஜா.

பைக் பூட்டும் சத்தம்.

"எழுதிட்டா பொறவு மாத்த முடியாதே?" எழுத்தரிடம் கேட்டாள்.

"அதெப்படிக்கா மாத்த? நிரந்தரம்லா."

அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.