மாமனாரின் பிரஷர் மெஷின்

பிரஷர் பார்க்காமல் கருத்தடை மாத்திரை எழுதித் தர முடியாது என்றார், செல்போன் திரையில் இருந்த டாக்டர். வீடு உறங்கும் மதிய நேரம். செண்பகம் மாமனாரின் மெஷினைக் குளியலறைக்குள் எடுத்துவந்து, கையில் பட்டையைச் சுற்றினாள். நூற்றுப்பத்துக்கு எழுபது. மருந்துச்சீட்டு செல்போனுக்கே வந்துவிட்டது. மெஷினை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கடைசியாகப் பார்த்த அளவை அது ஞாபகம் வைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை மெஷின் காட்டிய பழைய அளவை, மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நூத்திப்பத்தா? எனக்கு நூத்தம்பதுக்குக் கீழ எறங்குனதே இல்லையே."

மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். செண்பகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டாவதும் பெண் என்றானபின் அந்த முகத்தில் இப்படியொரு சிரிப்பைச் செண்பகம் கண்டதில்லை.

"ரெண்டு தடவ உண்டானப்பவும் மாசாமாசம் பிரஷர் பாத்தாங்களே, எனக்குத் தெரியாதா? எங்ககிட்ட எதுக்கும்மா மறைக்கிற? எத்தன நாள் தள்ளிப்போயிருக்கு?"

செண்பகம் வாயைத் திறப்பதற்குள் மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. இனிமே தெனம் பாத்துருவோம்."

மாமியார் பட்டையைச் சுற்றினாள். அவர் பொத்தானை அமுக்கினார். இரண்டு தலைகளும் மெஷின்மேல் குனிந்தன. பட்டை இறுக இறுக, எண் ஏறிக்கொண்டே போனது.