மூன்றாவது பிரதி

"பிரஷர் இருக்கெண்டும் போடுங்கோ, தங்கச்சி. சீனி வருத்தத்துக்குக் கீழை போடுங்கோ."

திருகோணமலை நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த மனு எழுதும் அறையில், டைப்ரைட்டருக்கு முன்னால் இருந்த பெண் அப்படியே போட்டாள். மூச்சு இழுக்கும் தொய்வு, மூலம், முதுகுவலி ஆகியவை ஏற்கெனவே வரிசையாக நின்றன. இத்தனையையும் சுமந்துகொண்டு றொபேட் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார்.

அவர் துறைமுகப் பண்டகசாலையில் மேற்பார்வையாளர். மனுவுக்கென்று கிழிந்த சேட்டு ஒன்றைத் தேடிப் போட்டிருந்தார். சப்பாத்தை மாற்ற மறந்ததால் அது பளபளத்தது. காலையில் தலைக்குப் பூசிய கறுப்பு, வியர்வையோடு காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது. பெயரையும் விலாசத்தையும் கேட்டுக்கொண்டபின் அவள் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இயந்திரத்தில் கூடுதலாக ஒரு காபன் தாளைச் செருகியிருந்தாள்.

விஷயம் சிறியதுதான். பத்து வருடத்துக்கு முன் மாகிரட்டை விவாகரத்துச் செய்தபோது, மகள் கிறிஸ்டின் படித்து முடிக்கும்வரை மாதம் எழுபத்தைந்து ரூபாய் கட்டுவதாக நீதிமன்றத்தில் கையெழுத்து வைத்தார். கிறிஸ்டின் இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்தக் காசை இப்போதே நிறுத்தத்தான் இந்த மனு.

"ஏன் அப்பிடி ஒப்புக்கொண்டனீங்கள்?" என்று டைப் அடித்தவள் கேட்டாள்.

"அப்ப அவளுக்குப் பத்து வயசு. கணக்கிலை எப்பவும் முட்டை. எட்டாம் வகுப்போடை நிண்டிடுவாள் எண்டு நம்பித்தான் வைச்சனான்."

மகள் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்ற துயரம் அவர் குரலில் உண்மையாகவே இருந்தது. ஆனாலும் அவர் பெருந்தன்மையானவர். அவள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட அன்று, தகப்பன் என்ற முறையில் பண்டகசாலை முழுவதற்கும் டொபி இனிப்புக் கொடுத்திருந்தார். அந்தச் செலவையும் மனுவில் சேர்க்க ஏலுமா என்று விசாரித்தார்.

இந்த நாட்டில் கல்வி இலவசம் என்பதையும் அவர் நினைவூட்டினார். அரசாங்கமே படிப்பிக்கும்போது தகப்பன் குறுக்கே நிற்பது மரியாதையில்லை என்றார். சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் என்ன வழி என்று அவள் கேட்டாள். தாய்க்குத் தையல் மெஷின் இருக்கிறது, மிதிக்கக் காலும் இருக்கிறது என்றார். காசு நின்றால் பிள்ளையைப் படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்று மாகிரட் எழுதிய கடிதத்தையும் எடுத்துக் காட்டினார். பெண்கள் எப்படியெல்லாம் வெருட்டுவார்கள் என்பதற்கு அது அத்தாட்சியாம்.

அவள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். பிறகு, நீதவான் கேட்கக்கூடும் என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.

சொந்த வீடு? இல்லை, வாடகை அறை. வயல் காணி? ஒரு சாண்கூட இல்லை. கடன்? கழுத்துவரை. குடி? அதற்கு மட்டும் அவர் சற்று யோசித்தார். குடித்து ஈரல் கெட்டுவிட்டது என்று போட்டால் வைத்தியச் செலவில் வருமா என்று கேட்டார். வரும் என்றாள். போடச் சொன்னார்.

"பல்லு?"

மனுவில் பல்லுக்கு என்ன வேலை என்று அவருக்கு விளங்கவில்லை. என்றாலும், கீழ் வரிசை முழுவதும் கட்டினது என்று ஒப்புக்கொண்டார். அதுவும் ஏறியது.

"மறுகலியாணம் செய்யிற யோசனை ஏதும் இருக்கோ, ஐயா?" அவளுடைய விரல்கள் எழுத்துகளின் மேல் காத்து நின்றன.

றொபேட் சிரித்தார். "இந்த வருத்தங்களோடை என்னை எந்தப் பைத்தியக்காரி கட்டுவாள்?"

"அப்பிடியே போடவோ?"

"அப்பிடியே போடுங்கோ. வாசிக்கிற நீதவானுக்கு மனம் இளகவேணும்."

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்த ஜே.பி. தம்பிராசா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஊரில் சத்தியக் கடதாசிகளுக்கு முத்திரை குத்துபவர் அவர்தான். றொபேட் வேதப் புத்தகத்தில் கை வைத்து, இதில் உள்ளதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறொன்றுமில்லை என்று கணீரென்று சொன்னார். துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. முத்திரை விழுந்தது.

"நாளைக்கே கோட்டிலை குடுக்கவேணும், தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறை முக்கியமான அலுவல் இருக்கு."

அவள் காபன் தாள்களை உருவிவிட்டுப் பிரதிகளைப் பிரித்தாள். "இது கோட்டுக்கு. இது எதிர்த்தரப்புக்கு, மாகிரட் அம்மாவுக்கு."

"மற்றது எனக்கோ?" என்று றொபேட் கையை நீட்டினார்.

"இல்லை, எனக்கு."

மூன்றாவது பிரதியை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, அதற்குள்ளிருந்து ஒரு நீலக் கடிதத்தை வெளியே எடுத்தாள். லிங்கநகரில் இரண்டு வீடு, தம்பலகாமத்தில் பத்து ஏக்கர் வயல், கடனில்லை, குடியில்லை, ஒரு வருத்தமுமில்லை, பல்லெல்லாம் சொந்தம் என்று, கலியாணத் தரகர் பேணாட்டிடம் றொபேட் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த கடிதம் அது.

"இதை மாகிரட் அம்மாவின்ரை பிரதியோடை சேர்த்து அனுப்புறன், கோட்டிலை காட்டட்டும்," என்றாள் அவள். "தரகர் என்ரை படத்தை உங்களுக்குக் காட்டேல்லைப் போலை, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பார்க்க வாற பொம்பிளை நான்தான், அண்ணை, ஆனால் பைத்தியக்காரி இல்லை."