பத்திரிகை வைக்க வந்தவன்

லாரி ஓட்டுநர் செங்கோடன் நாக்பூர் அருகே விபத்தில் இறந்த செய்தி காலையில் நாளிதழ் அலுவலகத்துக்கு வந்தது. மறுநாள் இதழில் போட அவருடைய படம் கேட்டு, நிருபர் முகிலன் அவர் வீட்டுக்குப் போனான்.

"பத்திரிகையில இருந்து வர்றேங்க" என்றான்.

மனைவி கலாமணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பாயை விரித்தாள். "பத்திரிகை வைக்க வந்தீங்களா? உக்காருங்க. யாரு ஊட்டுக் கல்யாணமுங்க?"

அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"அவரு லோடு ஏத்திட்டுப் போயிருக்காருங்க. வெள்ளிக்கிழமை வந்துருவாரு. ரெண்டு பேருமே வந்துர்றோம்" என்று சொல்லி, வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினாள்.

முகிலன் பாயில் உட்கார்ந்தான்.

"அக்கா, பக்கத்து ஊட்டுல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான்.