நாகம்மா முடிச்சு

"அடியே நாகம்மா! உன் முடிச்சுப் போட்ட நண்டைத் தூக்கிக்கினு முனியம்மா கோட்டைத் துறைக்குப் போறாடி!"

பக்கத்து வீட்டு எல்லம்மா வாசலில் நின்று கத்தினாள்.

நாகம்மா மடியில் குழந்தை. ராத்திரியிலிருந்து வாந்தி, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. கீழே விட்டால் வீறிட்டு அழுகிறது. இதில் எங்கே ஏரியில் இறங்கி நண்டு பிடிக்கிறது?

"என் முடிச்சா? நல்லாப் பாத்தியா?"

"கூடை நெறைய உன் முடிச்சுதாண்டி. எனக்குத் தெரியாதா?"



அந்தக் குப்பத்தில் நண்டு பிடிக்கிறவர்கள் ஆளுக்கொரு முடிச்சு வைத்திருந்தார்கள். பனை நாரில் கொடுக்கைக் கட்டுவதில் ஒருத்தி மாதிரி இன்னொருத்தி கட்டமாட்டாள். நாகம்மா முடிச்சு அவள் நைனா சொல்லிக்கொடுத்தது. இரண்டு சுற்று, முதுகில் ஒரு குறுக்கு, நுனியை உள்ளே செருகல். நண்டு என்ன முரண்டு பிடித்தாலும் அவிழாது. ஒல்லாந்தர் கோட்டைச் சமையல்காரன் வேறு யாரோ கட்டின நண்டிடம் ஒருநாள் வசமாகக் கடி வாங்கினான். அன்றிலிருந்து கோட்டைக்குத் தினம் பத்து நண்டு, நாகம்மா முடிச்சு மட்டும்தான்.

புருஷன் ஒல்லாந்தர் கப்பலில் கடல் தாண்டிப் பத்தாவியா போய் இரண்டு வருஷம். ஒரு சேதி இல்லை. தாயும் பிள்ளையும் சாப்பிடுவது இந்த வாடிக்கையில்தான். ஒருநாள் நண்டு வரவில்லை என்றால் வாடிக்கை அடுத்தவளுக்குப் போய்விடும், பக்கத்து ஊர் ஆரம்பாக்கத்து ஆட்கள் எப்போதடா என்று காத்திருக்கிறார்கள்.

இரண்டு மாசம் முன்னால், பங்குனியில் குழந்தைக்கு அம்மை போட்டது. வேப்பிலை செருகின வீட்டை விட்டுப் பதினொரு நாள் அவள் வெளியே வரவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டிருந்தாள். ஆனால் வாடிக்கை போகவில்லை. மாசக் கூலி அரிசியும் குறையாமல் வீடு தேடி வந்தது. கோட்டைச் சமையல்கட்டுக்குச் சாமான் வாங்குகிற சம்பந்தம் இரக்கப்பட்டுக் கொடுத்தாரே என்று அவரிருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இந்த முனியம்மா இருக்கிறாளே, நெசவாளர் தெருவில் நண்டு விற்கிறவள், வாயைத் திறந்தால் தேள்தான். நாகம்மா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினால், "புள்ளய வெயில்ல போட்டு வதைக்கறா" என்பாள். குழந்தையோடு வீட்டில் இருந்தால், "யாவாரம் பண்றவளுக்கு வூட்டுல இன்னா வேலை?" என்பாள். இரண்டு மாசமாக அவள் விரல்களில் அழுக்குத் துணி சுற்றியிருக்கிறது. வாய்க்கொழுப்புக்கு நண்டே கூலி கொடுத்துவிட்டது என்று குப்பமே சிரித்தது.

நாகம்மா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கோட்டைத் துறையில் முனியம்மா கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நண்டு எல்லாம் அதே இரண்டு சுற்று, அதே குறுக்கு.

"ஏண்டி, உனக்கு வெக்கமா இல்ல? என் முடிச்சைப் போட்டு என் வாடிக்கையப் புடிக்கப் பாக்கறியா?"

முனியம்மா குனிந்து நண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பச்சப் புள்ளக்காரி வயித்துல அடிக்கறியே, நீ நல்லா இருப்பியா? நண்டு விரலைக் கடிச்சது பத்தாது, கையையே துண்டா எடுத்திருக்கணும்!"

சத்தம் கேட்டு சம்பந்தம் வந்தார்.

"இன்னாம்மா இது, காலங்காத்தால?"

"அண்ணே, அது என் நண்டு இல்ல! நான் போட்ட முடிச்சும் இல்ல! இவ திருட்டுத்தனமாப் போட்டது!"

சம்பந்தம் குழம்பிப்போனார்.

"உன் பேரைச் சொல்லித்தானேம்மா இந்தம்மா இறக்குது. புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, நாகம்மா குடுத்தனுப்பிச்சான்னு சொல்லிச்சு."

"எம் பேரையா?"

"பங்குனியில பதினோரு நாளும் உன் நண்டை இந்தம்மாதானே கொண்டாந்துச்சு? ஒருநாள் தவறல. அதனாலதானே மாச அரிசியை முழுசா உன் வூட்டுக்கு அனுப்பினேன்."

நாகம்மா முனியம்மாவின் கையைத் திரும்பிப் பார்த்தாள்.

பங்குனியில் முனியம்மாவைத் தெருப்பக்கமே காணோம் என்று நெசவாளர் வீட்டுப் பெண்கள் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது. திமிர் பிடித்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அன்றைக்கு இவளும் சேர்ந்து சிரித்தாள்.

"ஏன்க்கா... ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா வாங்கிப்பியா நீ? ரோசக்காரி!"

"எனக்காக உன் யாவாரத்தை..."

"மூணு புள்ள வளத்தவடி நானு. ஜொரத்துல கெடக்கற புள்ளய வுட்டுட்டு சேத்துல எறங்கினா, கை நண்டைத் தேடாது. புள்ளயத்தான் தேடும். எனக்குத் தெரியாதா அது?"

நாகம்மா அழுதேவிட்டாள். காலில் விழக் குனிந்தவளை முனியம்மா தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"ஏ, புள்ளய நசுக்காத. குடு இப்படி."

வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை சிணுங்கிவிட்டு, துணி சுற்றிய அந்த விரல்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. முனியம்மா வலியில் முகத்தைச் சுளித்தாளே தவிர கையை எடுக்கவில்லை.

"அழுதது போதும்டி. கூடையில ஒரு நண்டை எடு. அந்த நுனியை எந்தப் பக்கம் செருவறன்னு காட்டு, அடுத்த தடவையாவது கடி வாங்காம கட்டறேன்."