ஸ்டாண்டு கூலி

"அம்பது கொறைச்சே குடுங்க" என்று அவள் மேஸ்திரியிடம் சொன்னாள்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பழக்கதோஷம்.

முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. மூடிக் கிடந்த செல்போன் கடையும், அதன் படியில் படுத்திருந்த நாயும்தான் இருந்தன.

முன்பெல்லாம் சூலூர் பிரிவில் நின்றுகொண்டு எவளாவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொலைந்தாள். தனபாக்கியம் ஒருத்தி போதும். பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துவைத்துக் கிழித்துவிடுவாள்.

ஸ்டாண்டு என்றால் பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. ரோட்டோரம் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். கட்டட வேலைக்கு ஆள் தேடும் மேஸ்திரிகள் காலையில் அங்கே வண்டியை நிறுத்துவார்கள். பொங்கல் கழிந்து வேலைக்கு வரும் முதல் நாள், சித்தாள் பெண்கள் எல்லாரும் மரத்தடியில் கூடி அந்த வருஷத்துக் கூலியைப் பேசி முடிப்பார்கள். அடுத்த பொங்கல் வரைக்கும் அதற்குக் கீழே எவளும் இறங்கக் கூடாது. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் கூடாது.

இந்த வருஷம் பேச ஆள் இல்லை.

தனபாக்கியம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். வேம்பு, தன் மகள் வீட்டோடு போய்விட்டாள். மற்றவர்கள் நூறு நாள் வேலையே தேவலாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

அவளே கூலியைச் சொன்னாள். அவளே சரி என்றாள்.

அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. அழுதால் மட்டும் யார் பார்க்கப் போகிறார்கள்?

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வடக்கத்திப் பெண்கள் நின்றார்கள். ஜார்க்கண்ட் பக்கம் என்று பேச்சு. அவர்கள் வந்த பிறகு மேஸ்திரிகளின் வண்டி அந்தப் பக்கமே நின்றது. நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் மறுபேச்சுப் பேசாமல் ஏறிப் போனார்கள். தன் வயிற்றில் மண்ணள்ளிப் போட வந்தவர்கள் என்று அவள் மனதார நம்பினாள். அவர்களில் பூல்மணி என்று ஒருத்தி, டீக்கடையில் பார்த்தால் சிரிப்பாள். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எப்போதாவது ஒரு மேஸ்திரி இவள் பக்கம் வந்து கூலியைக் குறைத்துக் கேட்பார். ஸ்டாண்டு கூலிக்குக் குறைந்து வர முடியாது என்று ரோடே கேட்கும்படி கத்தி அனுப்பிவிடுவாள். மாதத்தில் பாதி நாள் கலவை சுமக்கும் பாண்டுச் சட்டியோடு வெறுமனே வீடு திரும்பினாள். அந்த ரோஷம் ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது.

இந்த வாரம் எதிர்ப்பக்கமும் யாரும் வண்டி ஏறவில்லை. மேஸ்திரிகள் வந்தார்கள், அவர்களோடு என்னவோ பேசினார்கள், வெறும் வண்டியோடு போனார்கள்.

முதலில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். படட்டும் என்று நினைத்தாள்.

அப்புறம் பயம் வந்தது. அவர்களுக்கே வேலை இல்லையென்றால் தனக்கு எங்கிருந்து வரும்?

அரிசி டப்பாவை நேற்றே கவிழ்த்துத் தட்டியாகிவிட்டது. போய்க் கேட்க ஒரு வீடு இல்லை. அதனால்தான் இன்று, நாய்க்குக்கூடக் கேட்காத குரலில், அந்த வார்த்தையைச் சொன்னாள்.

மேஸ்திரி பேரம் பேசவில்லை.

"செரி, ஏறிக்கோ."

இத்தனை சுலபமாக எந்த மேஸ்திரியும் சரி சொல்லி அவள் பார்த்ததில்லை. வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி வண்டியில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்துக் கையைத் தட்டினார்.

"இங்க பாருங்கம்மா! உள்ளூருக்காரங்களே அம்பது கொறைச்சு வாராங்க. நீங்க என்னமோ ஸ்டாண்டு கூலி முழுசாக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு இத்தன நாளா மொறைச்சுக்கிட்டு நிக்கறீங்க."

அவள் எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

வேலை இல்லாமல் நிற்கவில்லை அவர்கள். வந்த வேலையை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு நின்றிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதிக நேரம் பேசவில்லை. ஒருத்தி சட்டியை எடுத்தாள். பிறகு இன்னொருத்தி. ரோட்டில் போன லாரிக்கு வழிவிட்டு நின்று, ரோட்டைத் தாண்டி வந்து, ஒவ்வொருவராக ஏறினார்கள்.

யாரும் அவளைத் திட்டவில்லை.

ஒருத்தியாவது திட்டித் தொலைத்திருக்கலாம். தனபாக்கியத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்கூட மறுநாள் அதே மரத்தடியில் மற்றவர்களோடுதான் நின்றாள். இங்கே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தும் அவள் தனியாக இருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்தது பூல்மணி. இங்கே வந்து சில வருஷம் ஆகிறது, தமிழ் கொஞ்சம் வரும்.

"அக்கா" என்றாள். "உன்னப் பாத்துதான் நாங்களும் கேட்டது."

கோபமாகச் சொல்லவில்லை.

மேஸ்திரி பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். எட்டி, "நிறுத்துங்க, எறங்கறேன்" என்று கேபின் தகரத்தைத் தட்டினாள்.

வண்டி நிற்கவில்லை.

எழுந்து நின்றுகொண்டு, இரண்டு கையாலும் தட்டினாள்.